சும்மா இருக்கும்போது இருநூற்று நாற்பது

நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து யாரும் என்னை நீக்கவில்லை. நீக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். கிள்ளான் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சார்ஜ்மேன்களும் வயர்மேன்களும் சில எஞ்சினியர்களும் இருக்கும் குழு அது. காலையில் முருகன் படம் வரும், மதியம் யாரோ திறந்து போட்ட ஸ்விட்ச்போர்டின் படம் வரும், மாலையில் மறுபடியும் முருகன் வருவார். போன வாரம் ஒரு மீட்டரின் படம் வந்தது. மிஷினைக் கழற்றிவிட்டு, காலியான பிளக் பாயிண்டில் மீட்டரைச் சொருகியிருக்கிறார்கள். திரையில் 240. கீழே ஒரே ஒரு வரி: பவர் ஓகே, ஆப்பரேட்டர்தான் பிராப்ளம். அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள்.

உடனே நீளமாகப் பதில் எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன். அந்தக் குழுவில் இரண்டு வரிக்கு மேல் எழுதினால் "அண்ணே ரெஸ்ட் எடுங்க லா" என்று போடுவார்கள். ரெஸ்ட் எடுத்து எடுத்து முதுகு வலிப்பதுதான் மிச்சம். அதனால் இங்கே எழுதுகிறேன், படிக்கிறவர் படிக்கட்டும்.

நான் சார்ஜ்மேனாக இருந்தவன். அதாவது ஒரு தொழிற்சாலையின் மின்சாரத்தைப் போடவும் நிறுத்தவும் உரிமம் உள்ள ஆள். அந்த உரிமத்துக்குப் படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பகலில் செராஸில் கட்டடங்களுக்கு வயரிங் இழுத்தேன், மாலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் நடந்த வகுப்புக்குப் போனேன். கீழே அப்பளம் பொரியும், மேலே வாத்தியார் தெவெனின் தேற்றத்தைப் பலகையில் எழுதுவார். பசியில் எனக்கு இரண்டுமே ஒன்றுதான். தேற்றத்தை மனப்பாடம் செய்து, பரீட்சையில் அப்படியே கொட்டி, தேர்ச்சி பெற்று, மறுநாளே மறந்தும்விட்டேன். அதற்கு உயிர் இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் தனபாலன் சார்.

தெலுக் பங்லிமா காராங்கில் முறுக்கும் மிக்ஸரும் பாக்கெட் போடும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி தமிழர், மேனேஜர் தமிழர், முறுக்கும் தமிழ்தான். கம்பெனியின் எஞ்சினியர் தனபாலன் சார். தொழிற்சாலையில் அவருக்கு அறையே கிடையாது. பிரிக்பீல்ட்ஸ் தலைமை அலுவலகத்தில் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். காரணம், எங்கள் மேனேஜர் தேவராஜுவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ரவாங்கிலிருந்து ரயிலில் பிரிக்பீல்ட்ஸ் வருவார், கூப்பிட்டால் அங்கிருந்து எங்களிடம் வருவார். சட்டைப் பையில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், முகத்தில் தூக்கம். அவர் ஓடியோ கத்தியோ நான் பார்த்ததில்லை. போர்டு வெடித்தாலும் நடந்துதான் வருவார்.

அவரிடம் ஒரு வியாதி இருந்தது. எதைச் சொன்னாலும் அதைச் சுருக்கிவிடுவார். தூசி படிந்த பேனல் கதவில் விரலாலேயே ஒரு பெட்டி போட்டு, அதிலிருந்து இரண்டு கோடுகளை வெளியே இழுப்பார். "குணா, பெட்டிக்குள்ள ஆயிரம் வயர் இருக்கட்டும். நமக்கு வெளிய வர்றது ரெண்டுதான். அந்த ரெண்டுல நின்னு பாத்தா, உள்ள ஒரு பேட்டரி, அதுகூட ஒரு ரெசிஸ்டர். அவ்வளவுதான். மத்ததெல்லாம் அலங்காரம்" என்பார்.

இதுதான் தெவெனின். பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கலாம். ஒன்றும் மாட்டாமல் ஒரு முறை அளக்க வேண்டும், அது பேட்டரியின் வோல்ட். பிறகு ஏதாவது ஒரு லோடைப் போட்டு, அதாவது கரண்ட் இழுக்கும் ஒன்றை மாட்டி, மறுபடியும் அளக்க வேண்டும். வோல்ட் எவ்வளவு இறங்குகிறதோ, அதைக் கரண்டால் வகுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் ரெசிஸ்டர் தெரிந்துவிடும். அளப்பது இரண்டு தடவை, கணக்கு ஒன்று.

சார் இதை மனிதர்களுக்கும் போட்டுப் பார்ப்பார். தன் மாமனாரைப் பற்றி ஒருநாள் தே தாரிக் குடித்துக்கொண்டே சொன்னார். கல்யாண வீட்டில் பார்த்தால் மனிதர் இருநூற்று நாற்பது வோல்ட்டாம், என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் மாப்பிள்ளை என்பாராம். ஒருநாள் காரை இரவல் கேட்டதும் வோல்ட் தரைக்கு இறங்கிவிட்டதாம். "உள் ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு டீயை முடித்தார்.

சூப்பர்பொசிஷனும் அவருக்கு அப்படித்தான். ஒரு சர்க்கிட்டில் பல மின்மூலங்கள் இருந்தால், ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அடக்கி, ஒவ்வொன்றின் விளைவையும் தனித்தனியாகப் பார்த்து, கடைசியில் கூட்டிக்கொள்ளும் முறை அது. எங்கள் காலைக் கூட்டத்தில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். சார் வரும் நாட்களில் நான்கு பேரை வாயை மூடச் சொல்லி ஒருவரைப் பேசவிடுவார், பிறகு அடுத்தவர். எல்லாரும் பேசி முடித்ததும் கூட்டிப் பார்த்தால் விடை வர வேண்டும். வராது. ஏன் சார் என்று கேட்டேன். இந்த முறையெல்லாம் லீனியராக இருக்கிற இடத்தில்தான் செல்லும், இரண்டு மடங்கு கொடுத்தால் இரண்டு மடங்கு வர வேண்டும் என்றார். பிறகு தேவராஜு உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார்.

தேவராஜுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பக்திமான். கம்பெனி வாசலில் முனியாண்டிக்கு ஓட்டுக்கூரை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஆயுத பூஜை வந்தால் வேட்டி கட்டி, தாம்பாளத்தை வேறு யார் கையிலும் கொடுக்காமல், முறுக்குப் பிழியும் மிஷினிலிருந்து பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் வரைக்கும் தானே சந்தனம் குங்குமம் வைப்பார். ஆனால் ஒரு பொருள் பழுதானால் அதற்கு ஒரு ஆள் காரணமாக இருந்தே ஆக வேண்டும் என்பது அவருடைய இன்னொரு பக்தி. ஆள் கிடைக்காதவரை அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வருஷம் அவருக்குக் கிடைத்த ஆள் லெட்சுமி அக்கா.

பாக்கெட்டின் வாயைச் சூடு வைத்து ஒட்டும் மிஷினில் அவர் ஆப்பரேட்டர். கம்பெனி தொடங்கிய காலத்து ஆள். நான் ஹெர்னியா ஆப்பரேஷனுக்காக நீண்ட எம்.சி.யில், அதாவது மருத்துவ விடுப்பில், படுத்திருந்தபோது அவருடைய மிஷின் நிற்க ஆரம்பித்திருக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று திரை அணைந்து நின்றுவிடும், மறுபடியும் போட்டால் ஓடும். பராமரிப்புப் பையன்கள் வந்தார்கள். எங்கள் சுவரில் பிரேம் போட்டு மாட்டிய ஒரு செயல்முறை இருந்தது: பாதுகாப்புக்காக முதலில் மிஷினைக் கழற்று, பிறகு பாயிண்டில் வோல்ட் பார். அப்படியே பார்த்தார்கள். 240. அடுத்த வாரம் மறுபடியும் நின்றது, மறுபடியும் கழற்றிப் பார்த்தார்கள். 240. எத்தனை முறை பார்த்தாலும் அதேதான் வந்தது. கரண்ட் சரி, மிஷினும் புதுசு, மிச்சம் இருப்பது யார்? லெட்சுமி அக்காதான்.

சூப்பர்வைசர் வேலை அவருக்குக் கிடைக்காமல் தேவராஜுவின் ஊர்க்காரப் பெண்ணுக்குப் போயிருந்தது. அந்தக் கோபத்தில்தான் மிஷினை நிறுத்துகிறார் என்று தேவராஜு முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டியதோடு விட்டாரா? ஒருநாள் காலையில் லைனில் எல்லாரையும் நிற்க வைத்து, எல்லார் முன்னாலும், சோறு போடுகிற மிஷினுக்கே துரோகம் பண்ணுகிறாய் என்று அக்காவைப் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு உள் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். வேண்டுமென்றே உற்பத்தியைக் கெடுத்தது என்பது குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் வேலை போகும். அந்தப் பேரோடு வெளியே போகிறவளை அந்த வட்டாரத்தில் இன்னொரு தொழிற்சாலை வாசல்கூட மிதிக்க விடாது. மனிதவள ஆட்களுக்கும் எங்களைப் போல ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. மிஷின் நிற்கும் நேரத்தில் அந்த மூலையில் கமகமவென்று சந்தன வாசனை வருகிறது என்று பெண்கள் சொன்னார்கள். முனியாண்டி நடமாட்டம் என்றாள் ஒருத்தி. லெட்சுமி மேல் சாமிக்கு என்ன கோபமோ என்றாள் இன்னொருத்தி. தேவராஜுவின் காதுக்குப் போனதும் அவர் கண் கலங்கிவிட்டார். தெய்வம் உள்ளே வந்திருக்கிறது, கம்பெனிக்கு நல்ல காலம் என்று கூட்டத்திலேயே சொன்னாராம். வாசனைக்குக் காரணம் சாமி, மிஷின் நிற்பதற்குக் காரணம் லெட்சுமி. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறதே என்று ஒரு ஆள் யோசிக்கவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று கேன்டீனில் அக்காவைப் பார்த்தேன். சாப்பாட்டைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"குணா, நான் நிறுத்தலப்பா. அடுத்த வாரம் என்னைய உக்கார வெச்சுக் கேக்கப் போறாங்க. கரண்டு நல்லா இருக்குன்னு அத்தன பேரும் எழுதிக் குடுத்துட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது?"

வெளியே வந்து தனபாலன் சாருக்குப் போன் போட்டேன். முழுதும் கேட்டுவிட்டு, மிஷின் ஓடும்போது யாராவது அளந்தார்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நாளைக்கு வருகிறேன், யாரும் எதையும் தொடாதீர்கள், அக்காவை மட்டும் வரச் சொல் என்றார்.

மறுநாள் வந்தார். தேவராஜு அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, புரொடக்‌ஷன் நேரத்தில் என்ன ஆராய்ச்சி என்று கேட்டுவிட்டுக் கதவை மூடிக்கொண்டார். சார் பேனல் கதவில் வழக்கம்போலப் பெட்டி போட்டார். சுவருக்குப் பின்னால் இருப்பது எல்லாம் ஒரு பேட்டரி, ஒரு ரெசிஸ்டர். பையன்கள் இதுவரைக்கும் பேட்டரியை மட்டும்தான் அளந்திருக்கிறார்கள், கரண்ட் ஓடாதபோது ரெசிஸ்டர் தன்னைக் காட்டிக்கொள்ளாது, மீட்டர் இழுப்பது ஒரு கரண்டா என்றார். நல்ல கேபிளாக இருந்தால் இந்தத் தூரத்துக்கு அந்த ரெசிஸ்டர் மிகச் சின்னதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கையுறை போட்டுக்கொண்டு, மிஷின் மாட்டியிருக்கும்போதே அளக்கிற மாதிரி மீட்டரை இணைத்தேன். எதுவும் ஓடாதபோது 240. அக்காவை ஹீட்டரை மட்டும் போடச் சொன்னார். கரண்ட் பத்து ஆம்பியர் ஏறியது, வோல்ட் 230க்கு இறங்கியது. பத்தைப் பத்தால் வகுக்க எனக்கே கால்குலேட்டர் தேவைப்படவில்லை. ஒரு ஓம். சுவருக்குப் பின்னால் இருக்கக்கூடாத ஒரு முழு ஓம் உட்கார்ந்திருந்தது. சார் முகத்தில் தூக்கம் கலைந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு மோட்டாரையும் சேர்த்துப் போடச் சொன்னார். மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வோல்ட் இருநூறுக்குக் கீழே விழுந்து எழுந்தது. அந்த ஒரு கணத்தில் மிஷினின் மூளை மயங்கியது, திரை அணைந்தது, எல்லாம் நின்றது. வேலை நேரத்தில் ஹீட்டரும் மோட்டாரும் தாமாகவே விட்டுவிட்டு ஓடும், ஹீட்டர் எரியும்போதே மோட்டார் கிளம்பிய நேரங்களில்தான் மிஷின் நின்றிருக்கிறது.

"அக்கா, நீங்க எதயாவது தொட்டீங்களா?" என்று சார் கேட்டார்.

"இல்ல சார். கையக் கட்டிக்கிட்டுத்தான நிக்கிறேன்."

அப்போதுதான் வாசனை வந்தது. சுத்தமான சந்தனம். லைனில் இருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சார் மூக்கை உயர்த்தி, இரண்டு மூன்று தடவை இழுத்து, கோவில் பிரகாரம் சுற்றுகிறவர் மாதிரி மெதுவாக நடந்து, சுவரில் இருந்த ஐசோலேட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றார். அந்த மிஷினுக்கான மெயின் சுவிட்ச் அது.

ஹீட்டரை மட்டும் போட்டு ஓடவிட்டு, வழியில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கமும் மீட்டரை வைத்தேன். நல்ல இணைப்பில் ஒன்றும் காட்டாது. பிளக்கில் ஒன்றுமில்லை, போர்டில் ஒன்றுமில்லை. ஐசோலேட்டருக்குள் ஒரு போல்ட்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய பத்து வோல்ட். தேடிய அத்தனையும் அந்த ஒரு இடத்தில் இருந்தது. லைனை நிறுத்தி, பூட்டுப் போட்டு, கரண்ட் செத்துவிட்டதா என்று சோதித்து, ஆறவிட்டு, போல்ட்டைக் கழற்றினேன். கேபிள் நுனியில் இருந்த செம்பு லக் பழுப்பேறிக் கிடந்தது. லக்குக்கும் தகட்டுக்கும் நடுவில், பிஸ்கட் மாதிரி வெந்து போய், சந்தனம். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு, கலையாமல் அப்படியே.

யார் வேலை என்று விசாரிக்கத் தேவையில்லை, தாம்பாளம் யார் கையில் இருந்தது என்று ஊருக்கே தெரியும். எப்படி உள்ளே போனது என்பதுதான் கேள்வி. ஐசோலேட்டரை மாற்றிய கான்ட்ராக்டர் ஆள் மணியத்துக்குப் போன் போட்டேன். ஆயுத பூஜை அன்று லைன் நின்றிருந்ததால் அன்றைக்கே மாற்றியிருக்கிறான். லக்கெல்லாம் கழன்று வெளியே தொங்கும்போது தேவராஜு தாம்பாளத்தோடு வந்துவிட்டார்.

"அண்ணே, அவரு ஒவ்வொரு லக்குக்கும் பொட்டு வெச்சாரு. நான் துணி எடுத்துத் துடைக்கப் போனேன். பிரசாதத்தயா துடைக்கிறன்னு ஒரு பார்வ பாத்தாரு. நமக்கு எதுக்கு வம்புன்னு அப்படியே வெச்சு முறுக்கிட்டேன்" என்றான்.

மற்ற லக்குகளில் மேலோட்டமாகப் பட்டிருந்தது. இந்த ஒன்றில் மட்டும் பக்தி கொஞ்சம் கூடி, பன்னீர் கலந்த சந்தனம் தடியாக அப்பிவிட்டது. வேறு எந்த இனத்துக்காரன் தொழிற்சாலையிலும் இந்தப் பழுது வராது என்று நான் பந்தயம் கட்டுவேன்.

சார் லக்கை ஒரு டிஷ்யூவில் வைத்துத் தேவராஜுவின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். நான் பின்னால் நின்றேன். தேவராஜு அதைப் பார்த்தார், முகர்ந்தார், முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் அந்நியப் பொருள் என்று போட்டுவிடலாமே என்றார்.

"சந்தனம் நமக்கு அந்நியப் பொருளா சார்?" என்றார் தனபாலன் சார்.

சாமிக்கென்று வைத்தேன், தப்பா என்று தேவராஜு கேட்டபோது குரல் உடைந்தது. பாவமாகத்தான் இருந்தது. கதவுக்கு வெளியே வைத்திருந்தால் சாமியும் நன்றாக இருந்திருப்பார், லெட்சுமியும் நன்றாக இருந்திருப்பார் என்று சார் பொறுமையாகச் சொன்னார்.

விசாரணை என்ன ஆனது தெரியுமா? ரத்து ஆகவில்லை. ஒத்திவைக்கப்பட்டது. நிர்வாகம் தவறு செய்தால் அது ஒத்திவைக்கப்படும், தொழிலாளி செய்தால்தான் தவறு என்று பெயர். லெட்சுமி அக்காவைக் கூப்பிட்டு, தொழில்நுட்பக் காரணங்களால் விசாரணை இப்போதைக்கு இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்றார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த அறைப் பக்கமே வரவில்லை. அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. சார் என்னைப் பார்த்து, பேசாமல் லக்கை மாற்று என்றார்.

புது லக் போட்டு, பளபளவென்று தேய்த்து, முறுக்கி, மறுபடியும் அளந்தோம். ஹீட்டர் போட்டதும் வோல்ட் அசைந்ததாகவே தெரியவில்லை. மறுநாள் காலையில் மிஷின் ஓடியது, அதைப் பார்க்கச் சாரும் வந்திருந்தார். போர்ட் கிள்ளானுக்குப் போக வேண்டிய கன்டெய்னர் வாசலில் நின்றது, தேவராஜு லைனுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். பெட்டிகள் பாதி ஏறியிருக்கும். அப்போது மிஷின் நின்றது.

எனக்கு உயிரே போய்விட்டது. ஓடினேன். தேவராஜு எனக்கு முன்னால் ஓடினார். சார் மட்டும் நடந்து வந்தார்.

"என்னக்கா, மறுபடியும் நின்னுருச்சா?" என்றார் தேவராஜு.

"நிக்கல சார். நான்தான் நிறுத்துனேன்." சிவப்புப் பொத்தானில் அக்காவின் விரல் இன்னும் இருந்தது. "இத்தன நாளா நான் நிறுத்துனேன், நிறுத்துனேன்னு சொன்னீங்க. ஒரு தடவயாச்சும் நிஜமாவே நிறுத்திப் பாக்கலாம்னு."

முறுக்கு பெல்ட்டில் குவிந்து நின்றது. லோரி டிரைவர் ஹாரன் அடித்தான்.

"எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. எல்லார் முன்னாலயும் திருப்பி எடுத்துக்குங்க. அப்புறம் ஓட்டுறேன்."

தேவராஜு சுற்றிலும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, சில தொழில்நுட்பக் கோளாறுகளால் சில புரிதல் குறைபாடுகள் என்று ஆரம்பித்தார். அக்கா அசையவில்லை. அவர் மறுபடி ஆரம்பித்தார், நிர்வாகம் எப்போதும் தொழிலாளர்களை மதித்தே வந்திருக்கிறது என்றார். அக்கா பச்சைப் பொத்தானைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டார். ஹாரன் இன்னொரு தடவை வந்தது. தேவராஜு என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன், சார் கூரையைப் பார்த்தார்.

"லெட்சுமி மேல தப்பில்ல" என்றார் தேவராஜு. குரல் வெளியே வரவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண், கேக்கல சார் என்றாள்.

"லெட்சுமி மேல தப்பில்ல. நான் வெச்ச சந்தனம்தான் மிஷின நிறுத்துச்சு. அவங்கள அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

லெட்சுமி அக்கா பச்சைப் பொத்தானை அழுத்தினார். ஹீட்டரும் மோட்டாரும் சேர்ந்து கிளம்பின, பாக்கெட்டுகள் வரத் தொடங்கின. மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நிச்சயமான பிறகுதான் அவர் அழுதார்.